கூரை பிரித்த வீட்டுக்கு ஒரு கடன்

“அப்ப நீங்க இப்ப குடியிருக்கறது யார் வீட்டுல மேடம்?”

வங்கியின் கடன் பிரிவில் இருந்த அந்தப் பெண் அதிகாரி, காகிதங்களை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இப்படிக் கேட்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் பாதி குடித்த காபி ஆறிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றச் சுற்ற எங்கள் பத்திர நகலின் ஓரம் எழுந்து எழுந்து படுத்தது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எளிமையான கேள்விதான். நான் சொன்ன பதில்தான் தப்பாகப் போனது.

இந்தத் தொடரில் இதுவரை பிறந்தேன், படித்தேன், கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன் என்று வரிசையாகத்தான் வந்தேன். இந்த வாரம் வரிசையை விட்டுவிட்டு அண்மைக் காலத்துக்கு வந்துவிடுகிறேன். மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றை இறக்கி வைக்காமல் பழைய கதைகளை எழுத முடியவில்லை.

ஒழுகிய கூடம்

பெரம்பலூரில் இருந்து குரும்பலூர் போகிற சாலையில் சற்று உள்ளே தள்ளி எங்கள் தெரு. கிழக்குப் பார்த்த இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வடக்கு வீட்டில் நாங்கள். தெற்கு வீட்டில் என் வீட்டுக்காரரின் அண்ணன் ராசேந்திரனும் அவர் மனைவி தனமும். அவரை நான் மாமா என்பேன், தனத்தை அக்கா என்பேன். என் வீட்டுக்காரர் செல்வராசு மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் புகைந்துபோன மோட்டார் எல்லாம் அவரிடம்தான் வரும்.

எங்கள் கூடம் மூன்று மழைக்காலமாக ஒழுகியது. முதல் வருஷம் ஒரு வாளி வைத்தோம். அடுத்த வருஷம் இரண்டு வாளி, ஒரு குண்டான். மூன்றாம் வருஷம் டிவியைத் தூக்கிப் படுக்கையறையில் வைத்தோம். அங்கேயும் ஒழுகியது.

நான் ஓய்வு பெற்றதும் எனக்கு மூன்று ஆசைகள் இருந்தன. ஒழுகலை அடைக்க வேண்டும். அடுப்படியைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் இருக்கும் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முழங்கால் வலியோடு மழையில் குடை பிடித்துப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மூன்றாவது ஆசை புரியும்.

மேஸ்திரி அன்பழகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எட்டு லட்சம் என்றார். கையில் எட்டு லட்சம் இருந்தது. இப்படிப் பொருந்தி வந்ததைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் அவர் ஏணி மேல் நின்று சுத்தியலால் கூரையைத் தட்டினார். ஒரு தட்டு தட்டினார், முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் இருந்தது. விரலால் சுரண்டினால் பொரிந்து கொட்டியது.

“டீச்சர், இது பூச்சு வேலைக்கு அடங்காது. கம்பியே அரிச்சிப் போச்சு. மொத்தமா ஒடச்சிட்டுத்தான் போடணும்.”

உடைத்தார்கள். கூரை போனதும் வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் சுவரில் இருந்த விரிசல் எல்லாம் தெரிந்தது. எங்கள் பக்கத்து மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். இருபத்தைந்து வருஷமாக அது மெதுவாக எங்கள் சுவரைப் பிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் மேல் காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறேன்.

“பில்லர் எழுப்பணும். ஆறு பில்லர்” என்றார் மேஸ்திரி. எட்டு லட்சம் பதினேழு ஆனது. கணக்கு டீச்சர் வீட்டிலேயே கணக்கு தப்பிவிட்டது என்று தெருவில் ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது.

வேலை முடியும்வரை வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். தனம் அக்கா காதில் விழுந்ததும் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். “பக்கத்துல நாங்க இருக்கையில எவன் வூட்டுக்கோ வாடகை குடுக்கப் போறியா? பேசவே மாட்டேன் பாத்துக்க.” முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சோறும் அங்கேதான்.

ஆளுக்கொரு யோசனை

ஒன்பது லட்சம் குறைந்தது. அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதற்கு ஊரில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

நகையை வைக்கச் சொன்னார்கள். அது ஏற்கெனவே போயிருந்தது. கையில் இருந்த எட்டு லட்சத்தில் ஒரு பங்கு, அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாங்கியதுதான். பென்ஷன் பேரில் கடன் வாங்கச் சொன்னார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கியதற்கே இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு எடுக்கச் சொன்னார் ஒருவர். எந்தச் சீட்டிலும் நான் இல்லை. போனில் தினமும் ஒரு பெண் குரல், ஐந்து நிமிடத்தில் பணம் என்று சொன்னது. அவளிடம் வட்டி என்ன என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் தனிவட்டியும் கூட்டுவட்டியும் நடத்தியவள் நான். மாறாத வட்டி, மாறுகிற வட்டி, குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி, கடனுக்குக் காப்பீடு என்று கடன் கொடுப்பவர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. நான் நடத்திய பாடத்தில் ராமு சோமுவிடம் கடன் வாங்குவான், மூன்று வருஷத்தில் கொடுத்துவிடுவான். சோமு காப்பீடு கேட்கவே மாட்டான்.

அரியலூரில் என் தம்பி இருக்கிறான். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி வைத்திருக்கிறான். அவனிடம் கேட்கலாம் என்று பஸ் ஏறினேன். போய் உட்கார்ந்ததும் அவன் முந்திக்கொண்டான். “அக்கா, லாரிக்கே மூணு மாசமா டியூ கட்டல. ஒன்கிட்டதான் கேக்கலாம்னு இருந்தேன்.” டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

லப்பைக்குடிக்காட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் மகள் என்னிடம் படித்தவள். அவர் தாராளமாகத்தான் பேசினார். “டைல்ஸ் பூராவும் எடுத்துட்டுப் போங்க டீச்சர். காசு மெதுவா தாங்க, அல்லா பாத்துப்பான்.” சற்று யோசித்துவிட்டு, “ஆனா டீச்சர், கூரை இல்லாத வூட்டுக்கு இப்ப டைல்ஸ் எதுக்கு?” என்றார். நியாயமான கேள்வி.

இதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். “ஐப்பசி மழைக்குள்ள கான்கிரீட் போட்டாகணும் டீச்சர். மேல பாரம் இல்லாம தண்ணி எறங்குச்சுன்னா பழைய சுவர் நிக்காது. அப்புறம் மராமத்து இல்ல, புது வூடுதான் கட்டணும்.”

கடைசியில் வீட்டின் பேரில் வங்கிக் கடன் என்று முடிவானது. பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனோம். வங்கியின் வக்கீல் படித்துப் பார்த்தார். பத்து நாள் கழித்து அந்தப் பெண் அதிகாரி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான்கு எல்லை

“சார் பேர்ல பத்திரம் சரியாத்தான் இருக்கு. ஆனா நான்கு எல்லைப்படி சாரோட மனை தெற்கு மனை. நீங்க கூரை பிரிச்சிருக்கற வீடு வடக்கு மனையில இருக்கு. அது உங்க அண்ணன் பேர்ல இருக்கு.”

“இல்லம்மா, இருவத்தஞ்சு வருஷமா வடக்கு வூட்டுல நாங்கதான் இருக்கோம். வூட்டு வரி எங்க பேர்லதான் வருது” என்றார் இவர்.

“வரி ரசீது வேற சார், பத்திரம் வேற.”

அப்போதுதான் அந்தக் கேள்வி. அப்ப நீங்க இப்ப குடியிருக்கறது யார் வீட்டுல?

அண்ணன் வீட்டில், தெற்கு வீட்டில் என்றேன் நான். அந்தப் பெண் சிரித்தார். “அப்ப உங்க சொந்த வீட்டுலதான் மேடம் இருக்கீங்க!”

எனக்குச் சட்டென்று நினைவு வந்துவிட்டது.

என் மாமனார் இரண்டு மனையையும் மகன்களுக்கு எழுதிக் கொடுத்தபோது வடக்கை மூத்தவருக்கும் தெற்கை இளையவருக்கும் எழுதியிருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு வீடு கட்ட முளைக்குச்சி அடித்த அன்று, கொத்தனார் மஞ்சள் தடவிய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, “பெரியவரு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். வடக்கு என்றதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். மூத்தவன் தெற்கிலும் இளையவன் வடக்கிலும் இருந்தால்தான் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும், மாற்றி அடிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மாமனார் சிரித்துக்கொண்டே மூத்தவரிடம் சொன்னார். “அதுக்கென்ன, நீ இங்க அடி, அவன் அங்க அடிக்கட்டும். பத்திரத்த அப்புறம் மாத்திக்கலாம்.”

தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். தேங்காய் உடைத்த தண்ணீர் என் புடவையில் தெறித்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது. பத்திரத்தை மாற்றவில்லை என்பதுதான் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கடைக்கால் போட்டோம், கூரை போட்டோம், பிள்ளைகள் பெற்றோம், மாமனார் போய்ச் சேர்ந்தார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அதிகாரி எங்களைத் தேற்றுவதாக நினைத்துத்தான் மேலே பேசினார். “இப்ப ரெண்டு பேரும் மனைய மாத்திக்கறதா பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு, பட்டா மாத்தி வந்தாலும் உங்க கைக்கு வரது கூரை இல்லாத வீடு. அதுக்கு மதிப்பு போட முடியாது. பேசாம தெற்கு வீட்ட வெச்சுக் கடன் போடுங்க. முழுசா இருக்கு. பத்திரம் சார் பேர்ல. நீங்களும் அங்கதான் இருக்கீங்க. எங்க இன்ஜினியர் வந்து பாத்துட்டா ரெண்டு வாரத்துல பணம் வந்துடும்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டோம்.

மோட்டார் கடையில்

வீட்டில் வைத்துப் பேச முடியாது. அது யார் வீடு என்றே தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது.

அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார். “அண்ணன்கிட்ட சொல்லாமலே போட்டுடலாமா?”

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணம் வங்கியில் நாற்காலியில் இருந்து எழும்போதே எனக்கு வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. நான் சொல்லவில்லை அல்லவா?

“இன்ஜினியர் வந்து பாத்தா அவங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“நம்ம வூட்டு வேலையப் பாக்க வந்திருக்காருன்னு சொல்லிக்கலாம்.”

மோட்டார் பில் ஒன்றின் பின்பக்கத்தில் மாதத் தவணையைப் போட்டுப் பார்த்தேன். நகைக் கடன் முடிந்ததும் கொஞ்சம் கூட்டிக் கட்டினால் ஆறேழு வருஷத்தில் அடைத்துவிடலாம். அதற்குப் பிறகு பத்திரத்தை மாற்றிக்கொண்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஆறேழு வருஷத்துக்குள் எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. தவணை நின்றால் வங்கி யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும்?

“பாத்துக்கலாம்” என்றார். எதற்கும் அவர் சொல்கிற பதில் இதுதான். அவர் அப்பாவும் அப்படித்தான் சொன்னார் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் தனம் அக்கா எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினார். “என்ன, சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்க?” என்றார். சொந்த வீட்டில் உட்கார்ந்து விருந்தாளியாகச் சாப்பிடுகிறேனா, அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அவர் வீட்டையே அடகு வைக்கப் பார்க்கிறேனா? இரண்டுமே உண்மை என்றால் நான் யார்?

இடையில் ஒரு பழைய சண்டை

எங்களுக்கும் அவர்களுக்கும் எப்போதும் இப்படி ஒட்டும் உறவுமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு வருஷம் முன்பு ஒன்றரை வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. காரணம் சாக்கடைத் தண்ணீர். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர்கள் வாழைக்குப் போகிறது என்றார்கள். வாழைக்குப் போனால் வாழைக்கு நல்லதுதானே என்றேன். சோப்புத் தண்ணீர் என்றார்கள். இதற்காக ஒன்றரை வருஷம்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மகனுக்கு வெளியூரில் ஒரு பெரிய படிப்புக்கு இடம் கிடைத்தது. தனம் அக்காவுக்கு அவர் அப்பா செந்துறைப் பக்கம் எழுதிக்கொடுத்த முந்திரிக் கொல்லை ஒன்று இருந்தது. திடீரென்று அதை விற்றுவிட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாததால் எனக்குத் தெருவில்தான் சேதி வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் நான் வாய் கூசாமல் சொன்னேன். “கடன் வாங்கிப் படிக்க வெச்சா கௌரவம் கொறஞ்சிடுமாம். ஜம்பத்துக்காகக் காய்க்கிற கொல்லைய வித்துட்டாங்க.” எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு சாவு வீட்டுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போக நேர்ந்தது. அதில் பேச்சு ஒட்டிக்கொண்டது. சாக்கடைக்கு ஒரு குழாய் போட்டோம். ஐந்நூறு ரூபாய் வேலை.

தார்ப்பாய்

கடையில் பேசியதற்கு மறுநாள் மத்தியானம் வானம் கருத்தது. ஐப்பசியில் வரும் என்று காத்திருந்த மழை புரட்டாசியிலேயே வந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வடக்கு வீட்டின் கூடத்தில் முப்பது மூட்டை சிமென்ட் அடுக்கியிருந்தது. மேலே வானம்.

இவர் கடையில் இருந்தார். கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமா எனக்கு முன்பே அங்கே இருந்தார். அறுபத்தெட்டு வயது. அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாரத்தின் மேல் ஏறி நின்று, காற்றில் பறக்கிற தார்ப்பாயின் மூலையை இழுத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

“ஏறாதீங்க மாமா! எறங்குங்க! வழுக்கும்!”

“நனஞ்சா அவ்வளவுதாம்மா, கல்லாயிடும். அந்த மூலையப் புடி!”

பிடித்தேன். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் மொத்தமாகச் சரிந்து என் தலையில் கொட்டியது. மேலே நின்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்திரத்தில் அது அவர் வீடு என்பது அவருக்குத் தெரியாது, தம்பி வீடு என்று நினைத்துத்தான் நனைகிறார் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. அதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

நான்கு மூட்டைதான் போயிற்று. மற்றது தப்பியது.

எட்டு வருஷம்

மறுநாள் காலை. தனம் அக்கா ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது ஒரு வசதி.

“மூணு நாளா மூஞ்சியே சரியில்ல. பணம் பொரளலையா?” என்றார்.

சொல்லிவிட்டேன். பத்திரம், நான்கு எல்லை, வங்கியில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாமல் போட்டுவிடலாமா என்று நாங்கள் கடையில் பேசியதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

அக்கா தலை நிமிரவே இல்லை. வெங்காயத் தோலை முறத்தின் ஓரம் தள்ளினார்.

“தெரியும்” என்றார்.

“என்னக்கா தெரியும்?”

“பத்திரம் மாறிக் கெடக்கறது. எட்டு வருஷமாத் தெரியும். பையன் படிப்புக்கு லோன் கேட்டுப் போனோம்ல, அப்பவே அவங்க இதத்தான் சொன்னாங்க. வடக்கு வூடு ஒங்க பேர்ல இருக்கு, அத வெச்சு வாங்கிக்கங்கன்னு.”

என் கையில் இருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

“அப்ப நாம பேசிக்கல” என்றேன்.

“ஆமா. நாங்க வெச்சிருந்தாலும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒங்க மாமாதான், தம்பி வூட்ட அடமானம் வெச்சு எம்புள்ள படிக்க வேணாம்னுட்டாரு. நாந்தான் சொன்னேன், அப்ப கொல்லைய வித்துடுவோம்னு.”

ஜம்பம் என்று சொல்லிச் சிரித்த வாய் என்னுடையது. அதை அக்காவிடம் அன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை அவர் வாரா வாரம் படிக்கிறார்.

“அப்பவே சொல்லிப் பத்திரத்த மாத்தியிருக்கலாமேக்கா?”

“பேச்சுவார்த்த இல்லாதப்ப வந்து பத்திரம்னு ஆரம்பிச்சா, வூட்டப் புடுங்க வராங்கன்னு நெனைப்பீங்க. பேச ஆரம்பிச்சப்புறம் கேட்டா, நம்பிக்க இல்லாம கேக்குறாங்கன்னு நெனைப்பீங்க. எப்பதான் கேக்கறது, சொல்லு?”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

வாசலில் இன்ஜினியர்

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது மாமாவே ஆரம்பித்தார். அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. கடையில் நாங்கள் பேசியதையும்தான்.

“பேங்க்ல இருந்து ஆள வரச் சொல்லுடா செல்வராசு. இந்த வூட்ட வெச்சு வாங்கு.”

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாம்ணே. அன்னிக்கு நீ எங்க வூட்டத் தொடல.”

“அன்னிக்கு எனக்கு விக்கறதுக்குக் கொல்ல இருந்துச்சு. ஒனக்கு என்னடா இருக்கு? பழைய மோட்டாரா?”

“அப்ப ஒரு பேப்பராவது எழுதித் தரேன். சாட்சி வெச்சு.”

“எழுதி வாங்கிக்கிட்டா அப்புறம் நான் அண்ணனா, பேங்க்கா? சோத்தச் சாப்புடு.”

இதை எழுதும்போதும் நாங்கள் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்திரம் வங்கியில் இருப்பதால் கடன் முடியும்வரை அதை மாற்றவும் முடியாது. ஒவ்வொரு மாதமும் தவணை பிடித்ததாகப் போனில் செய்தி வரும். அன்றைக்கு இவர் மாத்திரை போட்டாரா என்று இரண்டு தடவை கேட்பேன். புதுக் கூரைக்குக் கீழே நன்றாகத் தூங்குகிறோம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒழுகவில்லை, அது மட்டும் நிச்சயம். வேண்டாம் என்று கடைசிவரை நின்றிருக்க வேண்டுமா? நின்றிருந்தால் சுவர் போயிருக்கும், அவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் மிச்சம் வருகிறது.

அந்த வாரமே இன்ஜினியர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப், போனில் படம் எடுத்துக்கொண்டே படியேறினார். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

“ஓனர் செல்வராசு நீங்கதானா சார்?”

“இல்லீங்க, அவரு உள்ள இருக்காரு. நான் அவரு அண்ணன்.”

“இங்கயேதான் இருக்கீங்களா?”

“ஆமாங்க. தம்பி வூட்டுல இருக்கேன்.”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் வந்து, கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய வீடு அது. என் வீட்டுக்காரர் சட்டென்று பின்கட்டுக்குப் போய்விட்டார். தனம் அக்கா அடுப்படி வாசலில் நின்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், மறைக்கவில்லை.

இன்ஜினியர் டேப்பின் ஒரு முனையை மாமாவிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு சுவர் மூலைக்குப் போய்க் குனிந்து அழுத்திப் பிடித்தார்.

“மொத்தம் எவ்வளவு சதுர அடி வரும், தெரியுமா சார்?” என்று இன்ஜினியர் போனைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஆயிரத்து நாப்பத்தி ரெண்டு” என்றார் மாமா, குனிந்தபடியே.

அரை மணி நேரம் அளந்து, கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, இன்ஜினியர் அதே எண்ணை எழுதிக்கொண்டார்.